தாள் யார் கையில்?

உளவியல் சிகிச்சைக்கு உலகம் முழுக்கப் புழங்கும் செல்லப்பெயர் ஒன்று உண்டு: 'டாக்கிங் க்யூர்'. பேச்சு வைத்தியம். ஃப்ராய்ட் வைத்த பெயர் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் வைக்கவில்லை. அவருக்கு மூத்தவரான டாக்டர் ஜோசப் ப்ராயரும் வைக்கவில்லை. வைத்தவர் நோயாளி. வியன்னாவில் வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்த, இருபத்தொன்று இருபத்திரண்டு வயதுப் பெண். பெயரை ஆங்கிலத்தில் வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. அந்தச் சமயத்தில் அவருக்குத் தாய்மொழியான ஜெர்மன் வாயில் வரவில்லை, ஆங்கிலம் மட்டும்தான் வந்தது. விளையாட்டாக இன்னொரு பெயரும் சொல்வாராம்: 'சிம்னி ஸ்வீப்பிங்'. புகைபோக்கியில் படிந்த கரியைச் சுரண்டி எடுப்பது.

1880 கோடையில் அவருடைய அப்பா படுக்கையில் விழுந்தார். ராத்திரி ராத்திரியாகக் கண்விழித்துப் பார்த்துக்கொண்டது மகள்தான். அந்த ஆண்டுக் கடைசிக்குள் மகளும் படுத்துவிட்டார். விடாத இருமல், கை கால் மரத்துப்போதல், பார்வைக் கோளாறு, பேச்சுக் குழறல். ப்ராயர் வர ஆரம்பித்தார். வந்தவர் கவனித்தது இது: மதியம் அந்தப் பெண் ஒரு மயக்கத்தில் கிடந்து ஏதேதோ ஒற்றைச் சொற்களை முணுமுணுப்பார். சாயங்காலம் யாராவது அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கதை சொல்லத் தொடங்குவார். பெரும்பாலும் ஒரே மாதிரித் தொடக்கம். நோயாளியின் கட்டிலருகே பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். கதை முடிந்ததும் தெளிந்துவிடுவார். ஒருநாள் சொல்லாமல் விட்டால் மறுநாள் இரண்டு கதைக்குச் சமமாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

1881 ஏப்ரலில் அப்பா இறந்தார். கதைகள் இருண்டன. புதிதாக ஒரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. நல்ல வெயில் காலம், தாகம் உயிரை எடுக்கிறது, ஆனால் தம்ளர் உதட்டில் பட்டதும் தள்ளிவிடுகிறார். ஆறு வாரம் போல வெறும் பழங்களில் ஓட்டினார். பிறகு ஒருநாள் ஹிப்னாஸிஸ் நிலையில், வீட்டில் துணைக்கு இருந்த ஆங்கிலேயப் பெண்ணைப் பற்றி எரிச்சலோடு பேச ஆரம்பித்தார். அந்த அம்மாவின் நாய்க்குட்டி தம்ளரில் தண்ணீர் குடித்ததைப் பார்த்திருக்கிறார். மரியாதைக்காக அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அடக்கிவைத்த அருவருப்பையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, தண்ணீர் கேட்டார். குடித்தார். தம்ளர் உதட்டில் இருக்கும்போதே விழித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒவ்வொரு தொல்லையையும் எடுத்துக்கொண்டு, அது கடைசியாக வந்த நாளிலிருந்து முதலில் வந்த நாள்வரை பின்னோக்கியே போனார்கள். ஆள் உள்ளே வருவது காதில் விழாமல் போனது என்ற ஒரே குறைக்கு மட்டும் 108 தனித்தனிச் சம்பவங்களைச் சொன்னார் என்று ப்ராயர் எழுதியிருக்கிறார். சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது புதிதாக இருக்காது. சிஸ்டம் விழுந்தால் லாகைத் திறந்து அடியிலிருந்து மேலே படித்துக்கொண்டே போவோம், முதல் எரர் எங்கே விழுந்தது என்று தேடி. நாங்கள் மானிட்டர் முன்னால் செய்வதை அந்தப் பெண் தன்னை வைத்தே செய்திருக்கிறார். வழியைக் காட்டியவரும் அவர், நடந்தவரும் அவர். ப்ராயர் செய்த பெரிய காரியம், பெரும்பாலான டாக்டர்கள் 'நடிக்கிறாள்' என்று ஒதுக்கியிருக்கக்கூடிய ஒருவருக்கு எதிரே நாற்காலி போட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்டது. அது சின்ன விஷயமில்லை.

சிக்கல் இதற்குப் பிறகுதான். 1895இல் ப்ராயரும் ஃப்ராய்டும் சேர்ந்து ஹிஸ்டீரியா பற்றிய தங்கள் புத்தகத்தை வெளியிட்டார்கள். அதில் முதல் கதை இந்தப் பெண்ணுடையது, 'அன்னா ஓ.' என்ற புனைபெயரில். 1882 ஜூனில் சிகிச்சை முடிந்தது, முழுமையாகத் தேறிவர மேலும் கணிசமான காலம் பிடித்தது, அதன்பின் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார் என்ற தோரணையில் கதையை முடிக்கிறார் ப்ராயர். ஒரு நூற்றாண்டின் உளவியல் அந்த முடிவின்மேல்தான் கட்டப்பட்டது.

1953இல் ஃப்ராய்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய எர்னஸ்ட் ஜோன்ஸ், அன்னா ஓ. யார் என்பதைப் போட்டு உடைத்தார்: பெர்த்தா பப்பன்ஹைம். அவர் இறந்து பதினேழு வருஷம் ஆகியிருந்தது. அப்புறம் ஹென்றி எல்லன்பெர்கர் என்ற மருத்துவ வரலாற்றாளர் கிளறத் தொடங்கினார். அவருக்குக் கிடைத்த ஒரு துப்பு, குதிரையேற்ற உடையில் பெர்த்தா நிற்கும் ஒரு புகைப்படம். எடுத்த ஸ்டூடியோ இருந்த ஊர் கான்ஸ்டன்ஸ், வருஷம் 1882. ப்ராயரின் கதைப்படி பெர்த்தாவுக்கு அந்த ஊரில் வேலையே இல்லை. கான்ஸ்டன்ஸ் ஜெர்மனியின் தெற்கு ஓரத்தில் ஏரிக்கரையில் இருக்கிறது. தெரு தாண்டினால் சுவிட்சர்லாந்தின் கிராய்ட்ஸ்லிங்கன். அங்கே பெல்வியூ என்று பெயர்பெற்ற ஒரு மனநல விடுதி இருந்தது. எல்லன்பெர்கர் அந்த விடுதியின் பழைய கட்டுகளில் தேடியபோது, ப்ராயர் எழுதிய அறிக்கையே கிடைத்தது. 1972இல் வெளியிட்டார். 'முடிந்த' சிகிச்சைக்கு அடுத்த மாதமே, ஜூலை 1882இல், பெர்த்தா அங்கே சேர்க்கப்பட்டிருக்கிறார். முகத்தில் தாங்கமுடியாத நரம்புவலி, அதற்குக் கொடுத்த மார்ஃபினுக்கு அடிமை. அதன்பிறகும் 1887வரை வியன்னாவுக்கு அருகே வேறொரு விடுதியில் மூன்று முறை.

எங்கள் வேலையில் டிக்கெட் என்று ஒன்று உண்டு. யாராவது ஒரு பிரச்சினையைப் பதிவு செய்வார்கள், டெவலப்பர் சரிசெய்வார். ஒழுங்காக நடக்கும் டீமில் அதை மூடும் உரிமை டெவலப்பருக்குக் கிடையாது. பதிவு செய்தவர் வந்து பார்த்து, ஆமாம் சரியாகிவிட்டது என்று சொன்னால்தான் மூடலாம். பெர்த்தாவின் டிக்கெட்டை ப்ராயரே மூடிவிட்டார். மூடி, புத்தகமாகவும் போட்டுவிட்டார்.

இதை வைத்து ப்ராயரைப் பொய்யர் என்று கரித்துக்கொட்டும் புத்தகங்கள் நிறைய வந்துவிட்டன. எனக்கு அதில் ஆர்வமில்லை. என்னை உறுத்துவது வேறு. கதையைச் சொன்னது பெர்த்தா. அதற்குப் பெயர் வைத்தது பெர்த்தா. எழுதியது ப்ராயர், முடித்தது ப்ராயர், புனைபெயர் கொடுத்தது ப்ராயர், அந்தப் பெயரைப் பின்னாளில் கழற்றியது ஜோன்ஸ். இந்தச் சங்கிலியில் எந்த இடத்திலும் யாரும் பெர்த்தாவிடம் தாளை நீட்டி, 'இதில் ஏதாவது மாற்ற வேண்டுமா?' என்று கேட்டதாகத் தெரியவில்லை.

பெர்த்தா சும்மா இருந்தவரும் இல்லை. 1888இல் அம்மாவோடு ஃப்ராங்க்ஃபர்ட்டுக்குக் குடிபோனார். மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட்டின் பெண்ணுரிமை நூலை 1899இல் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். 1904இல் யூதப் பெண்களுக்கான அமைப்பை நிறுவினார். பாலியல் தொழிலுக்குப் பெண்களைக் கடத்துவதை எதிர்த்து ஊர் ஊராகப் போனார். 1907இல் ஃப்ராங்க்ஃபர்ட் அருகே, திருமணமாகாமல் தாயான பெண்களுக்கும் ஆதரவற்ற சிறுமிகளுக்கும் ஒரு இல்லம் தொடங்கினார். 1954இல் மேற்கு ஜெர்மனி அவருக்குத் தபால்தலையே வெளியிட்டது. இவ்வளவு எழுதிய, இவ்வளவு மேடை ஏறிய பெண், தன் சிகிச்சையைப் பற்றிப் பொதுவில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஃப்ராங்க்ஃபர்ட் வந்த புதிதில் ஒரு கதைப் புத்தகம் மட்டும் வெளியிட்டார், 1890இல், பால் பெர்த்தோல்ட் என்ற ஆண் பெயரில். பழைய சாமான் கடையில் உடைந்தும் உதவாமலும் கிடக்கும் பொருள்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் கதையைச் சொல்வதுதான் புத்தகம்.

ஃப்ராய்டுக்கே இதில் ஒரு சங்கடம் இருந்தது. தான் எழுதும் நோயாளி வரலாறுகள் அறிவியல் கட்டுரை மாதிரி இல்லாமல் சிறுகதை மாதிரி இருக்கிறதே என்று அதே 1895 புத்தகத்தில் ஓரிடத்தில் குறைபட்டுக்கொள்கிறார். சங்கடப்பட்டாரே தவிர நிறுத்தவில்லை. பதினெட்டு வயது ஈடா பாவரிடம் அவருடைய கதைக்குத் தன் அர்த்தத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார். பதினோரு வாரம் பொறுத்துப் பார்த்த ஈடா, 1900ஆம் ஆண்டின் கடைசி நாளில் எழுந்து போய்விட்டார். ஃப்ராய்ட் அதையும் 1905இல் 'டோரா' என்ற பெயரில் வெளியிட்டார்.

தாள் கைமாறியது சிலியில். 1973 செப்டம்பர் 11 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பினோசெட் காலத்தில் கைது, சித்திரவதை, காணாமல் ஆக்கப்படுதல். தேவாலயங்களின் நிழலில் இயங்கிய மனித உரிமை அலுவலகங்களுக்கு ஆட்கள் வந்து நடந்ததைச் சொன்னார்கள். சட்டத்துக்கு ஆதாரம் வேண்டும், அதற்காகப் பதிவு செய்தார்கள். அங்கே வேலை பார்த்த உளவியலாளர்கள் ஒன்றைக் கண்டார்கள்: சொல்லி முடித்தவர்களில் சிலர் லேசாகிப் போகிறார்கள். வழக்குக்காகச் செய்தது வைத்தியமாகவும் இருக்கிறது. அதையே ஒரு முறையாக ஆக்கினார்கள். சொல்பவர் பேச, டேப் ரெக்கார்டர் ஓடும். பேச்சை எழுத்தாக்குவார்கள். அப்புறம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து திருத்துவார்கள். இது இப்படி இல்லை, இதற்கு முன்னால் இன்னொன்று நடந்தது, இந்த வார்த்தை வேண்டாம். முடிந்த ஆவணம் சொன்னவருக்கு. அவர் அதை ஐக்கிய நாடுகளுக்கு அனுப்பலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், பெட்டியில் பூட்டி வைக்கலாம்.

1983இல் இந்த முறை பற்றிய கட்டுரை ஒரு அமெரிக்க ஆய்விதழில் வந்தது. எழுதியவர்கள் சியென்ஃபுகோஸ், மோனெலி என்ற இருவர். இரண்டும் புனைபெயர்கள். உண்மையில் எழுதியவர்கள் எலிசபெத் லிரா, யூஜினியா வைன்ஸ்டைன். சர்வாதிகாரத்தின் கீழ் சொந்தப் பெயரில் எழுத முடியாது. வியன்னாவில் புனைபெயர் நோயாளிக்கு, சிலியில் சிகிச்சை கொடுத்தவர்களுக்கு. இன்னொன்றையும் அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள்: சிறையும் சித்திரவதையும் பட்டவர்களுக்கு உதவிய அளவுக்கு, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு இந்த முறை உதவவில்லை. முடிவு தெரியாத கதையை எந்த இடத்தில் நிறுத்தி எழுதுவது?

அந்த ஆவணத்துக்கு அவர்கள் வைத்த பெயர் சாட்சியம். 1990இல் டென்மார்க்கைச் சேர்ந்த இங்கர் ஆகரும் சோரன் யென்சனும் இந்தச் சொல்லுக்குள் இரண்டு அர்த்தம் இருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். அந்தரங்கமாக மனம் திறப்பது ஒன்று, வழக்கு மன்றத்தில் நிறுத்துவது ஒன்று. தமிழில் இதை விளக்கவே வேண்டாம். கோர்ட்டிலும் சாட்சி சொல்கிறோம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்றும் சாட்சி சொல்கிறார்கள், மனசுக்கும் சாட்சி வைத்திருக்கிறோம். பின்னால் வாரணாசியில் ஒரு மனித உரிமை அமைப்பு, டென்மார்க்காரர்களோடு சேர்ந்து, போலீஸ் சித்திரவதைக்கு ஆளானவர்களிடம் இந்த முறையைச் செய்தது. ஒரு படி மேலே போய், எழுதி முடித்த சாட்சியத்தை ஊர்க்காரர்கள் முன்னால் வாசித்து, மரியாதை செய்து கையில் கொடுத்தார்கள். லாக்கப்பில் அவமானப்பட்டதை ஊர் அறியும், ஆனால் இந்த முறை அவர் வார்த்தையில்.

ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வைட்டையும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனையும் இங்கே ஒரு வரியில் கடப்பது நியாயமில்லைதான், 'கதைவழிச் சிகிச்சை' என்றாலே அவர்கள் பெயர்தான் வரும். எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு சின்னப் பழக்கம். வந்து பேசிவிட்டுப் போனவரைப் பற்றி ஃபைலில் குறிப்பு எழுதுவதற்குப் பதிலாக, அவருக்கே கடிதமாக எழுதி அனுப்பினார்கள். அவரைப் பற்றி எழுதுவதை அவரும் படிக்கப் போகிறார் என்றால் எழுதும் கை தானாகவே ஒழுங்காகிவிடுகிறது.

இப்போது மறுபடியும் கான்ஸ்டன்ஸ். பெர்த்தா குதிரையேற்ற உடையில் போட்டோவுக்கு நின்ற அதே ஏரிக்கரை ஊரின் பல்கலைக்கழகத்தில்தான், நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, மாகி ஷாவர், ஃப்ராங்க் நொய்னர், தோமஸ் எல்பெர்ட் மூவரும் போரில் அடிபட்டவர்களுக்கான ஒரு குறுகியகாலக் கதைச் சிகிச்சையை உருவாக்கினார்கள். சிலியின் சாட்சிய முறை அதற்கு நேரடி முன்னோடி. முதல் நாள் தரையில் ஒரு கயிற்றை விரிப்பார்கள். ஒரு முனை பிறப்பு. நல்லது நடந்த இடத்தில் ஒரு பூ, கெட்டது நடந்த இடத்தில் ஒரு கல். மறுமுனையை விரிக்காமல் சுருட்டியே வைப்பார்கள், அது இனி வரப்போகும் காலம். அடுத்தடுத்த நாட்களில் பிறப்பிலிருந்து வரிசையாகக் கதை. கல் வரும் இடத்தில் நின்று நிதானமாக: என்ன பார்த்தாய், என்ன வாசனை, உடம்பில் எங்கே பயம், அப்போது மணி என்ன, எந்த ஊர், எந்தப் பக்கம் வாசல்.

ஏன் இவ்வளவு விவரம்? அவர்கள் சொல்லும் விளக்கம் எளிமையானது. பயங்கர நினைவு இரண்டு பகுதியாகப் பிரிந்து கிடக்கிறது. சத்தம், வாசனை, இதயத் துடிப்பு எல்லாம் சூடாக ஒரு பக்கம். எப்போது, எங்கே என்ற தகவல் தனியாக, ஆறிப்போய் இன்னொரு பக்கம். டைம்ஸ்டாம்ப் இல்லாத லாக் மாதிரி. தேதி ஒட்டாத எரர் எப்போதும் இப்போதுதான் நடக்கிறது. கதவு படாரென்று சாத்தினால் ஷெல் விழுகிறது. கதை சொல்வது என்பது அந்தச் சூட்டின் மேல் தேதியை ஒட்டும் வேலை.

உகாண்டாவின் இம்வெபி அகதிக் குடியிருப்பில் 43 சூடான் அகதிகளிடம் செய்த ஆய்வு 2004இல் வெளியானது. நான்கே அமர்வுகள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, கதை சொன்னவர்களில் 29 சதவீதம் பேருக்குத்தான் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் நீடித்தது. சாதாரண ஆறுதல் ஆலோசனை பெற்றவர்களில் 79, நோயைப் பற்றிய விளக்கம் மட்டும் பெற்றவர்களில் 80. எண்ணிக்கை சின்னது, ஆனால் இடைவெளி பெரியது.

அடுத்த இடம் நமக்குப் பக்கத்தில். 2004 டிசம்பர் 26 சுனாமி யாழ்ப்பாணத்தின் வடமராட்சிக் கரையையும் அடித்தது. மணற்காடு அங்கே ஒரு மீனவக் கிராமம். மணல்மேடுகளுக்குள் பாதி புதைந்த பழைய தேவாலயம் ஒன்று நிற்கும் ஊர். கடல் வருவதற்கு முன்பே இருபது வருஷம் யுத்தத்தைப் பார்த்த இடம். அங்கே அமைந்த முகாமில், 2005 ஜனவரியில், எட்டு முதல் பதினான்கு வயதுவரை 31 பிள்ளைகள். பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் தமிழிலேயே செய்தார்கள். 16 பேருக்குக் கதைச் சிகிச்சை, 15 பேருக்கு மூச்சுப் பயிற்சியும் தியானமும். இரண்டுக்கும் ஆறு அமர்வு. ஆறு மாதம் கழித்துக் கதை சொன்ன பிள்ளைகளில் 81 சதவீதம் தேறியிருந்தார்கள். தியானம் செய்தவர்களில் 71. இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் இதை வித்தியாசம் என்றே சொல்ல முடியாது, ஆய்வாளர்களும் சொல்லவில்லை. கதைதான் ஒரே மருந்து என்று நிரூபிக்க நினைத்தவர்களுக்கு மணற்காடு அந்தச் சௌகரியத்தைக் கொடுக்கவில்லை.

சொன்னாலே சரியாகிவிடும் என்பதும் உண்மையல்ல. விபத்து நடந்த கையோடு ஆளை உட்காரவைத்து ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டச் சொல்லும் முறை 1980களில் பரவியது. போலீஸ், தீயணைப்பு, பேங்க் என்று எல்லா இடத்திலும். 1997இல் பிரிட்டனில் தீக்காயம் பட்டவர்களிடம் சோதித்தார்கள். பதின்மூன்று மாதம் கழித்து, கொட்டச் சொல்லப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு மனநோய். சும்மா விடப்பட்டவர்களில் 9. இரண்டு குழுவும் தொடக்கத்திலேயே அத்தனை சமமாக இருக்கவில்லை என்ற விவாதம் உண்டு, ஆனாலும் பின்வந்த மறுஆய்வுகள் அந்த முறையைக் கைவிடவே சொன்னன. சுனாமிக்குப் பிறகு இலங்கையில் வந்து இறங்கிய வெளிநாட்டு ஆலோசகர்கள் எத்தனை பேர் இதை மனதில் வைத்திருந்தார்கள் என்று யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது. அவசரப்பட்டுக் கதையைப் பிடுங்குவதும் ஒரு பிடுங்கல்தான்.

பிடுங்கல் என்றதும் ஒன்று. சில வருஷம் முன்பு நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் மனநல ஆப் ஒன்று செய்தோம். 'உங்கள் கதை' என்று ஒரு திரை. இளம்பச்சைப் பின்னணி, மெதுவாகத் துடிக்கும் ஒரு வட்டம், கீழே எழுதும் பெட்டி. டெஸ்டிங்கிலேயே ஜனங்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். டெலீட் பட்டனும் இருந்தது. அதை அழுத்தினால் டேட்டாபேஸில் ஒரு கட்டம் பூஜ்யத்திலிருந்து ஒன்றாக மாறும். அவ்வளவுதான். எழுதியவர் கண்ணுக்குத் தெரியாது, வரி அப்படியே இருக்கும். நிஜமாகவே அழித்துவிடலாமே என்று மீட்டிங்கில் கேட்டேன். "பாஸ், அழிச்சுட்டா அனலிட்டிக்ஸ் டீம் எதை வச்சுப் பாப்பாங்க?" என்றார் மேலே இருந்தவர், கோபமே இல்லாமல். ரெண்டாவது தடவை கேட்டபோது அஜெண்டாவில் இல்லை என்றார். நான் வெளியே வந்து ரொம்ப நாள் ஆகிறது. அந்த வட்டம் இன்னும் துடித்துக்கொண்டிருக்கும்.

ப்ராயராவது மணிக்கணக்கில் எதிரே உட்கார்ந்து கேட்டார்.

கான்ஸ்டன்ஸ் முறையில் கடைசி அமர்வில் ஒரு காரியம் உண்டு. எழுதி முடித்த முழுக் கதையையும் ஆலோசகர் உரக்க வாசிப்பார். சொன்னவர் கேட்டுத் திருத்தம் சொல்வார். அப்புறம் தாள் அவர் கைக்குப் போகும். மணற்காட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான் தங்கள் வாழ்க்கையைத் தாளில் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வருஷம், 2006 ஆகஸ்டில், யுத்தம் மறுபடியும் வெடித்து ஏ9 பாதை மூடப்பட்டது. யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்தில் எழுதிய எதையும் வீட்டில் வைத்திருப்பது லேசான விஷயமில்லை. ரவுண்டப்புக்கு முன்னால் கடிதங்களையும் படங்களையும் டயரிகளையும் அடுப்பில் போட்ட வீடுகள் ஏராளம். 'ஆமி வந்து அப்பாவை...' என்று தொடங்கும் பத்தி ஒரு பிள்ளையின் புத்தகப் பையில் இருந்தால் அது சிகிச்சை ஆவணமா, வேறெதுவுமா என்று சோதனைச் சாவடியில் யாரும் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

ஆனால் அடுப்பில் போடுவதா, ஓலைக்கூரையில் செருகுவதா, கிணற்றடியில் புதைப்பதா என்பதை அந்த வீடுதான் முடிவு செய்தது. வேறு யாரும் அதைப் புத்தகமாகப் போட்டு, 'அதன்பின் நலமாக இருக்கிறார்' என்று முடிக்கவில்லை. 2005இல் பதினான்கு வயதாக இருந்தவருக்கு இன்று முப்பது தாண்டியிருக்கும். ஏறக்குறைய என் வயது.